வீட்டுப் பணியாளர் உரிமை: கைகோத்ததால் வந்த மாற்றம்

சென்னை அசோக் நகரிலும் அதையொட்டிய கே.கே. நகரிலும் பல குடும்பங்களின் காலைப்பொழுது, வீட்டுப் பணிப்பெண்ணின் வருகையோடுதான் தொடங்குகிறது. பாத்திரம், துணி, சமையல், முதியோர் பராமரிப்பு என இவர்கள் செய்யும் பணி ஒருநாள் நின்றுபோனால் நம் அலுவலகப் பயணமும் தடுமாறும். ஆயினும் நெடுங்காலம் சட்டம் இவர்களைத் தொழிலாளர்களாகக் கருதவில்லை. நாமும் 'வேலைக்காரி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

இந்நிலை ஓரளவேனும் மாறியது எப்படி? ஆலைத் தொழிலாளர்கள் ஒரே வாயிலில் கூடிக் குரல் கொடுக்கலாம். ஆளுக்கொரு வீட்டில் உழைப்பவர்கள் எங்கே கூடுவது? அவர்களைத் தேடிச் செல்ல ஆள் வேண்டியிருந்தது. 1985-ல் அருட்சகோதரி ஜீன் டெவோஸ் தொடங்கிய தேசிய வீட்டுவேலைத் தொழிலாளர் இயக்கம் அந்தப் பணியை மேற்கொண்டது. அரசோடு பேசும் அனுபவம் அமைப்புசாராத் தொழிற்சங்கங்களிடம் இருந்தது. வன்முறைக்கு எதிராகப் போராடிய அனுபவம் மகளிர் அமைப்புகளிடம் இருந்தது. ஒன்றிடம் இல்லாததை மற்றொன்று தந்தது.

பலன்கள் மெல்ல வந்தன. 2007-ல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனி நலவாரியம் அமைந்தது. பிள்ளைகளின் கல்வி, மகப்பேறு, விபத்து, முதுமை ஆகியவற்றுக்கான உதவிகள் பதிவு செய்தவர்களுக்குக் கிடைத்தன. 2011 ஜூன் 16 அன்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வாரம் 24 மணிநேரத் தொடர் ஓய்வு உள்ளிட்ட உரிமைகளைக் கொண்ட 189-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கணக்கில் கொண்டது. 2018-ல் தமிழக அரசு குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 37 ரூபாய் என்ற அளவில் நிர்ணயித்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கான சட்டப் பாதுகாப்பை ஆராயக் குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

எனினும், வாரியம் அமைந்தபின் ஊதியம் நிர்ணயிக்கவே 11 ஆண்டுகள் ஆனதை நாம் கவனிக்க வேண்டும். ஆலைக்குள் நுழையும் ஆய்வாளர் நம் சமையலறைக்குள் நுழைவதில்லை. ஆகவே அரசாணை வாசற்படியோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் மாற வேண்டிய நிறுவனம், நம் குடும்பமே.

உழைப்பாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் நீதியான கூலியையும் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-லேயே வலியுறுத்தினார். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என யாக்கோபு திருமுகமும் எச்சரிக்கிறது. இவற்றை வாசிக்கும் நம்மில் பலர் கூலி கொடுக்கும் இடத்தில் இருக்கிறோம் என்பதை மறக்கலாகாது.

நம் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து வாரியப் பதிவு முகாம் நடத்தலாம். வார விடுமுறை, நோய்க்காலச் சம்பளம், ஆண்டுதோறும் ஊதிய உயர்வு ஆகிய மூன்றையும் பங்கின் குடும்பங்கள் ஒருமித்து முடிவு செய்யலாம். ஒரு வீடு மட்டும் செய்தால் அது தயவு. தெரு முழுதும் செய்தால் அது வழக்கமாகும். வழக்கமானதைச் சட்டமாக்குவதும் எளிது.