கர்ப்பம்னா பூனையைத் துரத்தணுமா? ஒரு த்ரெட்

கர்ப்பம் உறுதியானதும் சில வீடுகள்ல முதல்ல வெளியேறுறது பூனைதான். மாமியார் சொல்வாங்க, பக்கத்து வீட்டு அக்கா சொல்வாங்க, சில சமயம் எங்க ஆளுங்களே, அதாவது டாக்டர்களே, "பூனை இருக்கா? முதல்ல அதை அனுப்பிடுங்க"ன்னு சொல்லிடுறாங்க. அப்புறம் என்ன, சாக்குல போட்டுக் கட்டி, பைக்ல வச்சு, ரெண்டு ஊர் தள்ளி மீன் மார்க்கெட் பக்கமா விட்டுட்டு வந்துடுறாங்க. ஓபில இந்தக் கேள்வி அடிக்கடி வருது. அதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

பயத்துக்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி. கர்ப்பிணிக்கு அது புதுசா வந்தா வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆபத்துதான், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அது எப்படி வருதுன்னு பாருங்க. பூனையைத் தொடுறதால இல்ல. அதோட மலத்துல இருக்கிற முட்டை மாதிரியான ஒண்ணு நம்ம வாய்க்குள்ள போகணும். பெரும்பாலும் பூனைக்கு முதல் தடவை தொற்று வந்தப்போ, 1 முதல் 3 வாரம் வரைக்கும்தான் அதை வெளியேத்தும். வெளியேறினதும் உடனே தொத்தாது, குறைஞ்சது ஒரு நாளாவது ஆகணும். அதனால மணல் தட்டை தினமும் வீட்ல வேற யாராவது (கணவர்தான், வேற யாரு) சுத்தம் பண்ணிட்டா பிரச்சினையோட பெரும்பகுதி முடிஞ்சது. ஆள் இல்லைன்னா கையுறை போட்டுப் பண்ணி, சோப்பு போட்டுக் கை கழுவுங்க. பூனைக்குப் பச்சைக் கறி போடாதீங்க, எலி பிடிக்க வெளிய விடாதீங்க.

உண்மையில கவலைப்பட வேண்டிய இடம் கிச்சன். சரியா வேகாத கறி, கழுவாத கீரை, தோட்டத்து மண்ணுல கை வச்சுட்டு அப்படியே சாப்பிடுறது, இதெல்லாம்தான் வழி. நம்ம ஊர் கறிக்குழம்புல கறி வெந்து குழைஞ்சிடும், பயமில்ல. உள்ளே சிவப்பா இருக்கிற பார்பிக்யூவை மட்டும் பிரசவம் வரைக்கும் தள்ளி வைங்க. உறுப்பு மாற்று சிகிச்சை பண்ணவங்க, கீமோ எடுக்கிறவங்க மட்டும் உங்க டாக்டர்கிட்ட தனியா பேசிட்டு முடிவெடுங்க.

இன்னொண்ணு. 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவுப்படி, பசி தாகத்துல தவிக்கிற மாதிரி ஒரு பிராணியை நியாயமான காரணம் இல்லாம கைவிடுறதே குற்றம். "கொல்லலையே, விட்டுட்டுதானே வந்தோம்"னு சொல்றவங்களுக்காக இது.

சரி, இப்படி விட்ட பூனைங்க என்ன ஆகும்? பெட்டையா இருந்தா 4, 5 மாசத்துலயே சினை பிடிக்கும். சுமார் 65 நாள்ல குட்டி. மக்கள் வந்து "கடுவன் இருக்கா?"ன்னு கேட்டு ஆண் குட்டியை மட்டும் எடுத்துட்டுப் போவாங்க. பெட்டைக் குட்டிங்க தெருவுலயே நிக்கும். மூணு கலர் கலந்த குட்டி கடைசி வரைக்கும் நிக்கும், ஏன்னா மூணு கலர்னா கிட்டத்தட்ட எப்பவும் பெட்டைதான். இதைப் படிக்கிற நீங்க ஒரு பூனை எடுக்கிறதா இருந்தா அந்த மூணு கலர் பெட்டையை எடுங்க, 5, 6 மாசத்துல கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க. சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, மத்த ஊர்க்காரங்க பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில கேளுங்க. இந்த வெயில்ல முடி அடர்ந்த பெர்ஷியனைக் காசு கொடுத்து வாங்கி ஏசி ரூம்ல வச்சு வளர்க்கிறதுல என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

"எங்களால 15 வருஷம் வளர்க்க முடியாது டாக்டர், வாடகை வீடு, டிரான்ஸ்ஃபர் வேலை"ன்னு சொல்றீங்களா? நியாயம். அப்போ ஃபாஸ்டர் பண்ணுங்க. ஆறு வாரமோ ரெண்டு மாசமோ, நிரந்தர வீடு கிடைக்கிற வரைக்கும் வச்சிருக்கிறது. என் கருத்துல வளர்க்கிற ஆசை இருக்கிறவங்களும் முதல்ல ஃபாஸ்டர்தான் பண்ணிப் பார்க்கணும். ராத்திரி ரெண்டு மணிக்குத் திரைச்சீலை ஏறுறதைத் தாங்க முடியுமான்னு அப்போதான் தெரியும். வீட்டு ஓனர்கிட்ட முதல்லயே கேட்டுடுங்க. பாதியில அவர் கத்தினா குட்டிதான் ரோட்டுக்குப் போகும்.

தெருவுல குட்டியைப் பார்த்ததும் தூக்கிடாதீங்க. தாய் இரை தேடப் போயிருக்கும். தள்ளி நின்னு சில மணி நேரம் பாருங்க. வரவே இல்லைன்னா எடுங்க. பசும்பால் வேண்டாம், பேதி ஆகி ஒரே நாள்ல சுருண்டுடும். பூனைக்குட்டிக்குன்னே பால் பவுடர் விக்குது. ஏற்கெனவே வீட்ல பூனை இருந்தா புதுசை ரெண்டு வாரம் தனி ரூம்ல, தனி தட்டோட வைங்க. பார்வோ வகை வைரஸ் ஒண்ணு (பேன்லூக்கோபீனியா) குட்டிங்களைக் கொத்துக் கொத்தா கொல்லும். அதுல ஒரு குட்டி செத்த வீட்ல மாசக்கணக்குல அந்த வைரஸ் கிடக்கும், பிளீச்சிங் போட்டாதான் சாகும். பால்கனிக்குப் புறா வலை கட்டுங்க. மாடியிலிருந்து விழுந்தா பூனை நாலு கால்ல நிக்கும்ங்கிற நம்பிக்கையில இருக்காதீங்க.

இப்போ என் டிபார்ட்மென்ட். பூனை கடிச்சாலும், ரத்தம் வர மாதிரி பிறாண்டினாலும் ரேபிஸ் வரலாம். நாய்க்கு மட்டும்னு நினைக்காதீங்க. சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க, அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஊசி இலவசம். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் காயத்துல வைக்காதீங்க. அடிக்கடி ஃபாஸ்டர் பண்றவங்க முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டுக்கலாம். அப்புறம் கடிச்சா ரெண்டு ஊசியோட முடிஞ்சிடும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. குட்டிக்கு 3 மாசத்துல ரேபிஸ் தடுப்பூசி கட்டாயம்.

பூனைக்குக் காய்ச்சல்னு பாராசிட்டமால் மட்டும் கொடுத்துடாதீங்க. அந்த மருந்தை உடைச்சு வெளியேத்துற வழி பூனையோட ஈரலுக்குக் கிட்டத்தட்ட கிடையாது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாம போயிடும். அரை மாத்திரை போதும், உயிர் போக.

குட்டியைப் புது வீட்டுக்குக் கொடுக்கும்போது அது படுத்திருந்த துணியையும் சேர்த்துக் கொடுங்க. தத்து எடுக்கிறவங்களுக்கு: முதல் ரெண்டு மூணு நாள் அது கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கும். இழுத்து வெளிய எடுத்து ரீல்ஸ் போடாதீங்க. சாப்பாடு, தண்ணி, மணல் தட்டு மூணையும் பக்கத்துல வச்சுட்டு லைட்டை அணைச்சிட்டு வந்துடுங்க. ஒரு நாள் முழுக்க எதுவுமே தொடலைன்னா மட்டும் கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.