டிராகனுக்குத் தண்ணீர் வைப்பது யார்?

சென்ற மாதம் ஒரு சிறுவர் நாவலுக்கு விருது கொடுத்தார்கள். கொடுத்ததில் நமக்கு வருத்தமில்லை. எழுதியவர் இளையவர், நடை தடங்கலின்றி ஓடுகிறது, பரிசுப் பணத்துக்கும் அவருக்குச் செலவு காத்திருக்கும். தொண்டையில் நிற்பது நடுவர்களின் பாராட்டுரை. மனிதர்களுக்கு நடுவே டிராகன்கள் மறைந்து வாழ்வதாகக் கற்பனை செய்த முதல் தமிழ் நாவல் இதுவாம். அதுவரைக்கும் நம் பிள்ளைகள் நரியும் காக்கையும் சொன்ன நீதியைக் கேட்டே வளர்ந்தார்களாம். இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தமிழில் மிகுபுனைவுக்கு மரபே கிடையாது, இனிமேல்தான் கட்ட வேண்டும் என்று நண்பர்குழாம் ஒன்று தன் இதழில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறது. கடைக்கால் கல்லில் யார் பெயரைப் பொறிப்பது என்பதையும் அநேகமாக முடிவு செய்திருப்பார்கள்.

நாவலைப் படித்தோம். அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் ஒரு டிராகன் குடும்பம். மனித உருவெடுத்து வேலைக்குப் போகிறது, லிஃப்டில் ஏறுகிறது, மாதப் பராமரிப்புத் தொகை கட்டுகிறது. இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் விஷயம் தெரியும். பெரியவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது. கதை முழுக்க இந்த ஒற்றைப் பதற்றம். நமக்கு இடிக்கிற இடம் இதுதான். யாருடைய பதற்றம் இது? பேயையும் பூதத்தையும் ஊர்க்கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, நம்புகிறவனைச் சிறுபிள்ளை என்று ஒதுக்கிய சமூகத்தில்தான் குழந்தைக்கு மட்டும் தெரிந்த டிராகன் சாத்தியம். மிகுபுனைவின் அடிப்படை என்று இலக்கியக் கோட்பாட்டாளர் தோதரோவ் பேசிய, நம்புவதா வேண்டாமா என்ற அந்தத் தயக்கம் அங்கே விளைந்தது. தொண்ணூறுகளில் அமைப்பியல் பேசித் திரிந்தவர்கள் அதை வாங்கி வந்து எல்லாக் கதைக்கும் மாட்டிப் பார்த்தார்கள். பொருந்தாத இடத்தில் கதையைத்தான் குறை சொன்னார்கள்.

கொங்கு நாட்டில் டிராகனின் இடத்தில் இருக்கும் நாகம் மறைந்து வாழவில்லை. ஊருக்கே தெரியும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவே. தோட்டத்துக் கிணற்றுமேட்டில் புற்று இருந்தால் வரப்பு சற்று வளைந்து போகும். உழுகிறவர் அந்த இடத்தை விட்டு உழுவார். பொழுது சாய்ந்தபின் அதன் பெயரை எடுத்தால் அம்மிச்சி அதட்டுவார்: "பேசாம வா கண்ணு, அது பாட்டுக்குப் போவுட்டும்." மறைப்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில், பெரியவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று முந்நூறு பக்கம் படபடத்தால் யார் நம்புவது? இங்கே கேள்விகள் வேறு. யார் அதற்குத் தண்ணீர் வைப்பது? எந்த வீட்டில் வைக்க மறந்தார்கள்? பங்காளிகள் பாகம் பிரித்தபோது புற்று யார் பங்கில் விழுந்தது? விற்ற நிலத்தில் மனை பிரித்தவர் ரோட்டை எங்கே போட்டார்? ஒரு நாவலுக்கு இதற்கு மேல் முடிச்சு வேண்டுமா?

அவிநாசியை எடுத்துக்கொள்வோம். பழைய பெயர் திருப்புக்கொளியூர். சிறுவர்கள் இருவர் நீராடப் போகிறார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் அந்தத் தெரு வழியாக வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்து மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. தப்பித்தவனுக்கு உபநயனம், மற்றவனின் பெற்றோருக்கு அந்த மேளத்தைக் கேட்கும் தண்டனை. சுந்தரர் மடுவின் கரையில் நின்று பதிகம் பாடுகிறார், முதலை கரைக்கு வந்து பிள்ளையைத் திருப்பித் தருகிறது. இதுவரைக்கும் இது ஒரு அற்புதக் கதை. சேக்கிழார் இதைச் சொல்லும்போது ஒரு கணக்குப் போடுகிறார். பையன் போன வயதில் திரும்பவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு, இன்றைக்கு என்ன உயரம் இருந்திருப்பானோ அந்த உயரத்தில் வருகிறான். ஐரோப்பியத் தேவதைக் கதைகளில் வேற்றுலகம் போனவன் அங்கே ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பினால் ஊரில் நூறு வருஷம் போயிருக்கும். நம் கதையில் முதலையின் வயிற்றுக்குள்ளும் ஊர்க் காலமே ஓடியிருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர் யோசித்தது இது. அந்தப் பையன் உள்ளே என்ன செய்தான்? இருட்டில் யாரோடு பேசினான்? வெளியே வந்த பிறகு எதிர்வீட்டுச் சிநேகிதனோடு விளையாடப் போனானா, குளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றானா? இந்த நாவலை எழுத எண்ணூறு ஆண்டுகளாக ஆளில்லை. அவிநாசியில் முதலைவாய்ப் பிள்ளை திருவிழா மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. முதலையும் புராணத்தோடு ஒழிந்துவிடவில்லை. உடுமலைக்கு அந்தப் பக்கம் அமராவதி அணையில் இருக்கிறது, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் சிறுமுகைப் பக்கமும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் பரிசல் தள்ளுகிறவரிடம் போய் மரபு இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

திருச்செங்கோட்டு மலையின் படிவழியில் பாறையிலேயே செதுக்கிய அறுபதடி நாகம் மஞ்சளும் குங்குமமுமாகக் கிடக்கிறது. மருதமலையில் பாம்பாட்டிச் சித்தருக்குக் குகை இருக்கிறது. பட்டியல் போடப் போனால் தலையங்கம் தலபுராணமாகிவிடும். ஒன்றே ஒன்று. அண்ணன்மார் கதையில் கொம்பன் என்று ஒரு காட்டுப்பன்றி வருகிறது. பொன்னர் சங்கரின் பயிரையும் வாழ்வையும் சேர்த்து அழிக்கப் புறப்பட்ட மிருகம். அதை மடக்கியது பொன்னாச்சி என்ற குட்டி நாய். எங்கே கடித்து மடக்கியது என்பதை உடுக்கடிப் பாட்டுக்காரர் சொல்லும்போது குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அச்சில் போட்டால் நடுவர்கள் முகம் சுளிப்பார்கள். கனடா மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் இந்தக் கதையைக் காங்கேயம் பக்கம் ஒலிப்பதிவு செய்தார், பின்னாளில் 26 பகுதி அசைபடத் தொடராகவும் ஆக்கினார். நம்மிடமோ சாதிப் பெருமைக்காரர்கள் அண்ணன்மாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாயை இதுவரை யாரும் உரிமை கோரவில்லை. பிள்ளைகளுக்கு அதையாவது கொடுக்கலாம்.

மரபே இல்லை என்று சொன்னவர்கள் பெ. தூரனைப் படித்ததில்லை என்றுதான் கொள்ள வேண்டும். மொடக்குறிச்சி பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர், கோவை இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். 1954-இல் முதல் தொகுதி கண்ட கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர், அதன்பிறகு குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகள். இவ்வளவு கனமான வேலையைச் செய்துகொண்டிருந்த மனிதர் அதற்கிடையே 'கொல்லிமலைக் குள்ளன்', 'மாயக்கள்ளன்', 'சங்ககிரிக் கோட்டையின் மர்மம்' என்று எழுதிக்கொண்டிருந்தார். தலைப்புகளைப் பாருங்கள். கொல்லிமலையும் சங்ககிரியும் பஸ் ஏறிப் போய் இறங்கக்கூடிய இடங்கள். படித்த வயதில் கொல்லிமலை எங்களுக்குப் பூகோளத்தில் இருந்தது, கதையிலும் இருந்தது. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை வேறு அங்கே சிரித்துக்கொண்டு காத்திருந்தாள். ஈரோட்டிலிருந்து சேலம் போகும் ரயிலில் சங்ககிரி மலை தெரியும்போது எட்டிப் பார்க்காத பையன் எங்கள் வகுப்பில் இல்லை. தூரனிடம் டிராகன் இல்லை, ஒப்புக்கொள்கிறோம். டிராகன் வந்தால் தங்க இடம் அமைத்துக் கொடுத்திருந்தார்.

இதனால் நம்மை மண்ணின் மைந்தர் கட்சியில் சேர்த்துவிட வேண்டாம். அம்புலிமாமாவில் 1947 முதல் எந்தெந்த தேசத்து அரக்கனோ வந்துபோனான். இங்கிலாந்துக்கார இரும்புக்கை மாயாவி சிவகாசி அச்சில் சுத்தமாகத் தமிழ் பேசினார். கோவையின் ஆலைகளை ஓட்டிய கம்போடியாப் பருத்தியும் வெளியூர் விதைதான்; இங்கத்திய கிணற்றுத் தண்ணீர் குடித்துத்தான் காய் வெடித்தது. விருது பெற்ற டிராகன் எந்தக் கிணற்றுத் தண்ணீரும் குடிக்கவில்லை. கேன் தண்ணீர் வரவழைத்துக் குடிக்கிறது.

புதையல் காக்கும் நெருப்புமூச்சு மிருகம்தான் வேண்டும் என்றால் வெள்ளலூருக்கு வாருங்கள். நொய்யல் கரையில் அந்த ஊரில் 1842 முதல் பலமுறை ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸும் டைபீரியஸும் அச்சடித்தவை. 1937-இல் டோல்கியன் தன் டிராகனைத் தங்கக் குவியலில் படுக்கவைப்பதற்குப் பல காலம் முன்பே நம் ஊர் மண்ணில் புதையல் தயார். இன்று அதே வெள்ளலூரில்தான் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு. கோடையில் மலைபோல் குவிந்த குப்பை தீப்பிடிக்கிறது. 2024 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தது. புகை சுற்றுப்பட்டுக் குடியிருப்புகளுக்குள் இறங்கிப் படுத்துக்கொள்கிறது. குப்பைக்குள் ஊறும் மீத்தேன் என்பார்கள். சரிதான். ஆனால் அடியில் ரோமானியக் காசு, மேலே அணையாத நெருப்பு, நாள்தோறும் லாரி லாரியாக நகரம் முழுவதும் சேர்ந்து போடும் தீனி. ஊருக்கே தெரியும், ஊரே வளர்க்கிறது, யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. இந்த டிராகனைப் பற்றி எழுத மனித வேஷமும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம்.

எழுத மாட்டார்கள். ஏனென்றால் இன்று சிறுவர் நாவலின் வாசகர் சிறுவர் இல்லை. நடுவர், அவருக்குப் பிறகு நூலகக் கொள்முதல் பட்டியல் தயாரிப்பவர், அவருக்கும் பிறகு பழைய நினைவில் வாங்கி அலமாரியில் வைக்கும் அப்பா. அவர் பிள்ளை அவிநாசி ரோட்டுப் பள்ளியில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்திருக்கிறது. டிராகன் வேண்டுமென்றால் ஆங்கிலத்திலேயே அசலைப் படித்துக்கொள்ளும். நகலைத் தமிழில் யாருக்காகச் செய்கிறோம்? தமிழில் மட்டுமே படிக்கத் தெரிந்த குழந்தை அரசுப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் கைக்கு இந்த நாவல் விருதோடும் போகாது, விருதில்லாமலும் போகாது.

தூரனின் எழுத்து நாட்டுடைமை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, உரிமைத்தொகை கிடையாது. விழா மேடைக்கும் பொன்னாடைக்கும் ஆன செலவில் கொல்லிமலைக் குள்ளனை அச்சிட்டு ஒரு வட்டாரத்துப் பள்ளிகளுக்காவது கொடுத்திருக்கலாம். எங்கள் பங்குக்கு அடுத்த இதழில் சிறுவர் கதைகளுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். டிராகனுக்குத் தடையில்லை, நீதிக்குத் தடை உண்டு. சன்மானமாக ஓராண்டுச் சந்தா தருவோம், இதழ் ஓராண்டு வருமானால்.