கொலுசு உருகி ரூபா... ரூபா உருகி கொலுசு!

முதல்ல ஒரு சின்ன வேலை. டீக்கடையில கூட செல்போனை நீட்டி ஸ்கேன் பண்ற ஆளா இருந்தாலும் பரவாயில்லை. பேக்கோட அடி ஜிப்புல எங்கேயாவது ஒரு ஒத்த ரூபா காசு கிடக்கும். எடுங்க. வருஷம் போட்டிருக்கிற இடத்துக்குக் கீழே நல்லா உத்துப் பாருங்க.

வைர வடிவத்துல ஒரு குட்டிக் கட்டம் இருந்தா, அது மும்பையில் அடிச்சது. அஞ்சு முனை நட்சத்திரம்னா ஹைதராபாத். ஒரே ஒரு புள்ளின்னா நொய்டா. ஒண்ணுமே இல்லையா? அப்ப கொல்கத்தா. நம்ம நாட்டுல காசு அடிக்கிற அரசு நாணயச்சாலைகள் இந்த நாலுதான்.

'சரிங்க, இதுல நம்ம சேலத்துக்கு என்ன பங்கு?'ன்னு கேக்குறீங்களா? இருக்கு. சூரமங்கலத்துல பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல சேலம் உருக்காலை. 1981-ல் உற்பத்தி ஆரம்பிச்ச அந்த ஆலையில, எவர்சில்வர் தகட்டை வட்ட வட்டமா வெட்டுறதுக்கே தனிப் பிரிவு உண்டு. வருஷத்துக்கு 3,600 டன் வரை வெட்டுற வசதி. அங்கே வெட்டின வெறும் வில்லைகள் நாணயச்சாலைகளுக்குப் போய், சிங்கமும் எண்ணும் குத்தப்பட்டு, காசா நாடு முழுக்கப் போயிருக்கு. உங்க கையில இருக்கிற காசு நட்சத்திரம் போட்ட ஹைதராபாத் காசா இருக்கலாம். ஆனா உடம்பு கஞ்சமலை அடிவாரத்துல வெட்டினதா இருக்க வாய்ப்பு இருக்கு!

அதாவது, முத்திரை ஒரு ஊர்... உலோகம் வேற ஊர். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. ஏன்னா, உங்க அம்மாயியோட டிரங்குப் பெட்டியில துணிக்கு அடியில முடிஞ்சு வெச்சிருக்கிற வெள்ளி ரூபாய்க்கும் இதே கதைதான். அது இன்னும் பெரிய கதை.

தேதியிலேயே டூப்பு!

1792. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தான் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு மாறின. அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டர். ஆட்சி மாறினா காசும் மாறணுமே? அப்படி ஒரே நாள்ல மாறிடாது. மைசூர்க் காசு, ஆர்க்காட்டு ரூபாய், வராகன், பணம்னு எல்லாம் கலந்துதான் புழங்கும். எதுக்கு எத்தனை எதுன்னு சொல்ல ஒரு ஷராப்பு உட்கார்ந்திருப்பார். அன்னைய ஆளுக்கு அவர்தான் கால்குலேட்டர்.

கம்பெனிக்குச் சென்னையில சொந்த நாணயச்சாலை இருந்தது. பஸ்சுல 'மின்ட் ஸ்டாப்'னு கண்டக்டர் கத்துவாரே, அந்தத் தங்கசாலைத் தெரு பேரே அதனால வந்ததுதான். அங்கே அடிச்ச ஆர்க்காட்டு ரூபாய்ல ஒரு தாமரைப்பூ இருக்கும். அதே ரூபாயைக் கொஞ்ச காலம் கல்கத்தாவிலும் அடிச்சாங்க. அதுல ரோஜாப்பூ. பூவைப் பார்த்தா ஊர் தெரிஞ்சிடும்!

காமெடி என்னன்னா, அந்த ரூபாயில இருக்கிற பேரு முகலாய பாதுஷா ஆலம்கீருடையது. அவர் 1759-லேயே செத்துப் போனவர். 1810-களில் மெஷின்ல அடிச்ச காசுலயும் அவர் பேரும் பழைய ஹிஜ்ரி வருஷமும்தான். பழகின முகம் இருந்தாத்தான் ஜனங்க காசை நம்பி வாங்குவாங்கன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சிருக்கு.

மெக்சிகோ மாப்பிள்ளை

இன்னொரு அயிட்டம் இருக்கு. 1807 வாக்கில் சென்னையில் அடிச்ச வெள்ளி அரை வராகன். ஒரு பக்கம் கோபுரம், அதைச் சுற்றி நட்சத்திரங்கள். மறுபக்கம் பெருமாள். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்குன்னு நாலு மொழியில எழுத்து. பக்கா மெட்ராஸ் காசு.

ஆனா வெள்ளி? அதுல பல காசுகள், கப்பல்ல வந்த ஸ்பானிஷ் டாலர் மேலேயே நேரா குத்தினது. சில காசுகள்ல கோபுரத்துக்கு அடியில பழைய எழுத்து அழியாமல் எட்டிப் பார்க்கும். அந்த டாலர்கள் மெக்சிகோ, லிமா, பொட்டோசி போன்ற ஊர்களின் நாணயச்சாலைகளில் அடிச்சவை. ஹாலிவுட் கௌபாய் படத்துல மேஜை மேல டாலரைத் தூக்கிப் போடுவாங்களே, அந்த மேற்கு அமெரிக்காவிலும் மெக்சிகோ வெள்ளிதான் தாராளமா புழங்கிச்சு. 1857 வரை அமெரிக்காவில் அது சட்டப்படியே செல்லும். கௌபாய் கையில இருந்த காசும், நம்மூர்க்காரர் இடுப்பு முடிச்சில இருந்த காசும் ஒரே சுரங்கத்துல பொறந்த அண்ணன் தம்பியா இருந்திருக்கலாம்!

1835-ல் கம்பெனி எல்லா ஊருக்கும் ஒரே ரூபாய்னு முடிவு பண்ணிச்சு. எடை 11.66 கிராம், அதில் 12-ல் 11 பங்கு வெள்ளி. 1869-ல் சென்னை நாணயச்சாலையையும் மூடிட்டாங்க. அதுக்கப்புறம் தென்னாட்டுக்கு ரூபாய் அடிச்சது பம்பாயும் கல்கத்தாவும்தான். சென்னையிலிருந்து சேலம் வழியா மேற்குக் கடற்கரை வரைக்கும் 1862-லேயே ரயில் பாதை போட்டாச்சு. அதாவது, இன்னைக்கு நீங்க ஊருக்குப் போக நிக்கிற சூரமங்கலம் ஜங்ஷன் வழியா!

கொலுசு தோத்த கதை

இப்ப சீரியஸ் மேட்டருக்கு வருவோம்.

சேலத்துப் பக்கம் வெள்ளின்னா வெறும் அழகு இல்லை. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க. கொலுசு, தண்டை, அரைஞாண் எல்லாம் கால்லயும் இடுப்புலயும் மாட்டியிருந்த பேங்க் அக்கவுன்ட். மழை பெஞ்சா வெள்ளி வாங்கு, பொய்ச்சா வெள்ளியை வித்துச் சாப்பிடு. 1876-78 பெரும் பஞ்சத்துல சேலம் ஜில்லா வாங்கின அடி பயங்கரமானது. அந்த மாதிரி நேரத்துல ஜனங்க முதல்ல கழட்டினது நகையைத்தான். அப்ப நாணயச்சாலைக் கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது. வெள்ளியைக் கொடுத்தா, சின்னக் கூலி பிடிச்சுக்கிட்டு ரூபாயா அடிச்சுக் கொடுத்திடுவாங்க. அதனால கொலுசோட எடையும் ரூபாயோட எடையும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு.

1893 ஜூன் 26. அரசாங்கம் அந்தக் கதவை மூடிட்டது. இனிமே தனியாள் கொண்டு வர்ற வெள்ளியை ரூபாயா மாத்த முடியாது. ஏன்? உலகச் சந்தையில வெள்ளி விலை விழுந்துக்கிட்டே இருந்தது. அதுக்கு ஒரு காரணம், ஜெர்மனி மாதிரி நாடுகள் தங்கத்துக்கு மாறினது. இன்னொண்ணு, அமெரிக்காவில் நெவாடா பக்கம் தோண்டத் தோண்டக் கொட்டின வெள்ளி. அந்த வெள்ளியை டாலரா அடிக்கவே 1870-ல் கார்சன் சிட்டியில் ஒரு நாணயச்சாலை திறந்தாங்க. அங்கே அடிச்ச டாலர்ல 'சிசி'ன்னு ரெண்டு எழுத்து இருக்கும்.

விளைவு? 1900 வாக்கில் ஒரு ரூபாய்க்குள்ள இருந்த வெள்ளியோட சந்தை மதிப்பு சுமார் 10 அணாதான். ஆனா முத்திரை இருந்ததால காசு 16 அணாவுக்குச் செல்லும். அதே எடை கொலுசுக்கு? 10 அணா! ரூபாயா சேத்து வெச்சவன் தப்பிச்சான். கொலுசா சேத்து வெச்சவள் சேமிப்புல மூணில் ஒரு பங்குக்கு மேல கரைஞ்சு போச்சு. கடல் தாண்டி யாரோ எடுத்த முடிவு, நம்மூர்ப் பொண்ணோட கால்ல வந்து விழுந்தது. அவகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

டாலர் உருகி ரூபாயாச்சு

கதை அதோட முடியலை. முதல் உலகப் போர் வந்ததும் எல்லாம் தலைகீழ். வெள்ளி விலை ஜிவ்வுனு ஏறிச்சு. நோட்டை நீட்டி 'வெள்ளி ரூபாய் கொடு'ன்னு ஜனங்க கேக்க, அரசு கஜானா காலியாகிற நிலைமை. 1917-ல் காசை உருக்கவே தடை போட்டாங்க. ஒரு ரூபாய் நோட்டு முதல் முதலா வந்ததும் அதே வருஷம்தான்.

கடைசியில பிரிட்டன் அமெரிக்காகிட்ட கை நீட்டிச்சு. 1918 ஏப்ரல்ல நெவாடா செனட்டர் பிட்மேன் பேர்ல ஒரு சட்டம் வந்தது. கஜானாவுல தூங்கின சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினாங்க. அதுல கிட்டத்தட்ட 26 கோடி டாலரோட வெள்ளி இந்தியாவுக்காக விற்கப்பட்டது. 1918-லும் 1919-லும் பம்பாயும் கல்கத்தாவும் சேர்ந்து வருஷத்துக்கு 40 கோடிக்கும் மேல ரூபாய் அடிச்சுத் தள்ளின.

அதாவது, நம்ம கொலுசு விலையைக் குறைச்ச அதே அமெரிக்க வெள்ளி, 25 வருஷம் கழிச்சு ஜார்ஜ் ராஜா தலையோட நம்மூர் சந்தைக்கே வந்து சேர்ந்தது. அப்புறம் அந்த ரூபாயில எத்தனையோ பட்டறையில உருகி மறுபடியும் கொலுசாச்சு. எந்தக் கொலுசுலயும் 'சிசி' எழுத்து இல்லை. உருக்கினா வெள்ளி மிஞ்சும், வரலாறு மிஞ்சாது.

இந்த வார ஹோம்வொர்க்

உங்க அம்மாயியோ அப்பாயியோ வெள்ளிக்காசு வெச்சிருந்தா, 'பழசுதானே, போட்டுட்டு புதுசு வாங்கலாம்'னு பட்டறைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க.

ஒண்ணு, வருஷத்தைப் பாருங்க. 1940-க்கு முந்தின ரூபாய்னா உள்ளே 10.69 கிராம் சுத்த வெள்ளி. 1940-லிருந்து பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய்னா வெள்ளியே கிடையாது, நிக்கல். கடைக்காரர் என்ன விலை சொன்னாலும் இந்தக் கணக்கு உங்க கையில இருக்கட்டும்.

ரெண்டு, குறியைப் பாருங்க. சின்னப் புள்ளியோ 'பி' எழுத்தோ இருந்தா பம்பாய். ஒண்ணும் இல்லைன்னாலோ 'சி' இருந்தாலோ கல்கத்தா. போர்க்காலக் காசுல 'எல்' இருந்தா லாகூர், இப்ப பாகிஸ்தான்ல இருக்கிற ஊர்.

மூணு, 1911-ம் வருஷ ஜார்ஜ் ராஜா ரூபாயா? விடாதீங்க! ராஜா அங்கியில இருந்த யானை பார்க்கப் பன்னி மாதிரி இருக்குன்னு பெரிய ரகளையாகி, பெரும்பாலான காசைத் திரும்ப உருக்கிட்டாங்க. தப்பிச்சது கொஞ்சம்தான். 1939-ம் வருஷ ரூபாயும் அப்படித்தான், அபூர்வம். அதனாலேயே டூப்ளிகேட்டும் ஏராளம், உஷார்!

நாலாவதுதான் முக்கியம். அந்தக் காசு எப்படி வந்தது, எந்த வருஷம் எதுக்காக மத்ததை வித்தாங்க, இது மட்டும் ஏன் மிஞ்சிச்சுன்னு பாட்டிகிட்ட கேட்டு எழுதி வைங்க. எங்கே அடிச்சதுன்னு காசே சொல்லிடும். யார் கையில யாருக்காகக் காத்திருந்ததுன்னு அவங்க மட்டும்தான் சொல்ல முடியும். நாணயச்சாலை இன்னொரு காசு அடிச்சுக்கும் பாஸ்... பாட்டி?