மாதிரி உலங்கு வானூர்தியும் மாணவர் அறிவும்

ஹெலிகொப்டர் என வழங்கும் உலங்கு வானூர்தியின் சிறு மாதிரியைக் காணும் பெரியோர் பலர், அதனை வெறும் விளையாட்டுப் பொருளெனத் தள்ளிவிடுவர். அஃது எமக்கு உடன்பாடன்று. மாதிரியிலிருந்தே மெய்யூர்தி பிறந்த வரலாறும் உண்டு.

அமெரிக்கரான ஆதர் யங் என்பார் கணிதம் கற்றவர், மெய்யியலில் நாட்டமுடையவர். அவர் 1928 தொடக்கம் பதின்மூன்று ஆண்டுகள் மாதிரிகளைச் செய்து சோதித்தார். 1941 இல் தம் மாதிரியைப் பெல் நிறுவனத்தார் முன்னிலையிற் பறக்கவிட்டுக் காட்டினார். அதன் வழிவந்த 'பெல் 47' என்பதே, 1946 இல், பொதுமக்கள் பயன்பாட்டுக்கெனச் சான்றிதழ் பெற்ற முதல் உலங்கு வானூர்தி.

அவர் கண்ட நுட்பம் யாது? மேலே சுழலும் அலகுகளுக்குக் குறுக்கே, கூட்டற்குறி போல அமையுமாறு, இரு முனைகளிலும் எடையுள்ள கோலொன்றைப் பொருத்தினார். விரைந்து சுழலும் பம்பரம் தன் நிலை மாற எளிதில் இணங்காது. அவ்வாறே, காற்று மோதி ஊர்தி சரிந்தாலும், கோல் தான் சுழன்ற தளத்திலேயே சிறிதுபொழுது நிற்கும். அவ்வேறுபாட்டை இணைப்புக் கம்பிகள் அலகுகளுக்கு உணர்த்த, அவற்றின் சாய்கோணம் மாறிச் சரிவு திருந்தும்.

ஆயின் நிலைபேறு மாத்திரம் போதுமோ? செலுத்துவோன் ஏவலுக்கும் ஊர்தி பணிதல் வேண்டுமன்றோ! ஸ்ரான்லி ஹில்லர் என்பார் கோலின் முனைகளிற் சிறு துடுப்புகளை அமைத்தார். செலுத்துவோன் துடுப்பைத் திருப்ப, துடுப்பு கோலைச் சாய்க்க, கோல் பேரலகுகளைத் திருப்பும். ஏவல் இங்ஙனம் சுற்றிவருதலாற் சற்றுத் தாமதிக்கும். ஆகவே மாதிரி செய்வோர் இரு முறைகளையும் கலந்தனர். அச்சைச் சூழ்ந்துள்ள சாய்தட்டிலிருந்து ஏவலின் ஒரு கூறு நேரே பேரலகுகளுக்கும், மறுகூறு துடுப்புகளுக்கும் செல்லும். துடுப்பின் எடையைக் கூட்டினால் நிலைபேறு மிகும், சுறுசுறுப்புக் குறையும். எடையைக் குறைத்தால் இதற்கு மாறாக நிகழும்.

இன்றோ கோலின்றியே மாதிரிகள் பறக்கின்றன. இலத்திரனியல் உணரிகள் சரிவை அறிய, சிறு கணினியொன்று ஒரு செக்கனிற் பலமுறை அதனைத் திருத்துகின்றது. உறுப்புகளும் குறைவு, காற்றுத்தடையும் குறைவு. பறத்தல் ஒன்றையே வேண்டுவோர்க்கு இதுவே சிறந்தது என்பதை யாம் மறுக்கவில்லை. எனினும் கல்வி நோக்கிற் பேரிழப்பொன்று உண்டு. காரணமும் காரியமும் மூடிய பெட்டகத்தினுள் மறைந்துவிடுகின்றன. மாணவன் பறக்கவிடக் கற்கின்றான். எதனால் நிலைத்துப் பறக்கின்றது என்பதை அறியான். கோலுடைய மாதிரியிலோ ஒவ்வொரு கம்பியும் விரலால் தொட்டு, "நீ என்ன செய்கின்றாய்?" என வினாவத்தக்கது.

ஆதலின் கல்லூரி விஞ்ஞான மன்றங்கள், கோலுடைய மாதிரியொன்றையேனும் மாணவர் தம் கையாற் கழற்றவும் பூட்டவும் வழிசெய்தல் வேண்டும். துடுப்பின் எடையை மாற்றி விளைவை அவர்கள் கண்ணாரக் காணட்டும். இலத்திரனியல் மாதிரி அதன் பின்னர் வருக. சுழலும் அலகு கடுங்காயம் விளைக்க வல்லதாகலின், ஆசிரியர் மேற்பார்வையும், திறந்த வெளியும், சட்டப்படி பெறவேண்டிய அனுமதியும் இன்றியமையாதன.

விழாக் காலத்திற் கட்டடங்களுக்கு வாரி வழங்கும் பழைய மாணவர், இத்தகைய சிறு கருவிகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவாராக. மண்டபம் நன்கொடையாளர் பெயரைத் தாங்கி நிற்கும். கருவியோ மாணவன் உள்ளத்தில் வினாவை எழுப்பும். கல்லூரிக்கு இரண்டும் வேண்டும்.