ஏழாம் வகுப்பில் ஒரு மூன்றாம் வகுப்புக் கணக்கு

அந்த மாணவி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தில் நான்கு கழித்தல் கணக்குகள் இருந்தன. 78-லிருந்து 35 போனால் 43 என்று முதல் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தாள். அடுத்தது 52 − 27, விடை 35. அதற்கடுத்து 81 − 46, விடை 45. கடைசியாக 64 − 38, விடை 34. முதல் கணக்குக்கு ஒரு 'டிக்'. மற்ற மூன்றுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. பக்கத்தின் அடியில் 'கவனம் தேவை' என்று எழுதியிருந்தார் ஆசிரியர்.

நோட்டை இரண்டு முறை பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அவளிடம் கவனத்துக்குக் குறைவே இல்லை. மூன்று கணக்குகளிலும் ஒரே வழியை, இம்மி பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள். எந்த இலக்கம் மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறாள். 2-க்குக் கீழே 7 இருந்தால் ஏழில் இரண்டு போக ஐந்து. 'கடன் வாங்குதல்' என்று நாம் சொல்லும் அந்த ஒரு படி, மூன்றாம் வகுப்பிலோ அதற்கு முன்போ அவளிடமிருந்து நழுவியிருக்கிறது. அதன் பிறகு நான்கு ஆண்டுகளாகப் பின்னம், தசமம், முழுக்கள், இயற்கணிதம் என்று ஒவ்வொன்றாக அவள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கின்றன.

ஆசிரியர் இதை ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பது எளிது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடப் பாடவேளை. பாடம் நடத்தும் நேரம் போக, ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. தவறான விடைகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடிக்க நிதானம் வேண்டும். கணினி இதில் உதவ முடியும் என்பது புதிய செய்தி இல்லை. கழித்தலில் குழந்தைகள் செய்யும் தவறுகள் தாறுமாறானவை அல்ல, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு விதி இருக்கிறது என்பதை ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-லேயே ஒரு கணினி நிரலைக் கொண்டு விளக்கியிருக்கிறார்கள்.

இன்று 'தகவமைப்புக் கற்றல்' என்ற பெயரில் பள்ளிகளுக்கு வரும் மென்பொருள்களின் அடிப்படை இதுதான். பிள்ளை தரும் விடையைப் பார்த்து அடுத்த கேள்வி மாறும். சரியாகப் போட்டால் ஒரு படி மேலே. தடுமாறினால் எந்த இடத்தில் இடறுகிறது என்று தேடிக் கீழே இறங்கும். வயதைப் பார்க்காமல், வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும்.

இது பலன் தருமா? இந்தியாவிலேயே நம்பத்தகுந்த பதில் இருக்கிறது. அகமதாபாத்தைச் சேர்ந்த எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருளை டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவரும் ஆராய்ந்தார்கள். அரசுப் பள்ளி மாணவர்கள் 619 பேர்; மாலை நேர மையத்தில் சேரும் வாய்ப்பு அவர்களில் யாருக்கு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. நாளுக்கு 90 நிமிடம். அதில் பாதி கணினியில், மீதி ஒரு பயிற்றுநரோடு சிறு குழுவில். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37 திட்ட விலக்க அளவு முன்னேற்றம் கிடைத்தது. நூறு பேரை வரிசையாக நிறுத்தினால், நடுவில் நின்ற பிள்ளை பதினான்கு பேரைத் தாண்டி முன்னால் வந்ததற்குச் சமம் அது.

2019-ல் வெளியான அந்த ஆய்வில் இந்த முன்னேற்றத்தைவிட என்னை அதிகம் உலுக்கியவை வேறு இரண்டு தகவல்கள். ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பாகியிருந்தது. குலுக்கலில் இடம் கிடைக்காமல் பள்ளிக்கு மட்டும் போய்வந்த பிள்ளைகளில், கடைசி மூன்றில் ஒரு பங்கினர் அந்த நாலரை மாதத்தில் அளவிடத்தக்க முன்னேற்றம் எதையும் காணவில்லை. நாள்தோறும் சீருடை அணிந்து, புத்தகப் பை சுமந்து, மணி அடித்ததும் வகுப்பில் உட்கார்ந்து, ஒன்றும் சேராமல் வீடு திரும்பியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய அநீதியை ஒரு பள்ளி அமைப்பால் செய்துவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வாளர்கள் தாங்களே வைத்த சோதனையில் அவ்வளவு முன்னேறிய பிள்ளைகள், பள்ளியில் நடந்த கணக்குத் தேர்வில் குறிப்பிடும்படி கூடுதல் மதிப்பெண் எடுக்கவில்லை. காரணம் விளங்காத ஒன்றல்ல. எட்டாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்பு நிலையிலிருந்து ஐந்தாம் வகுப்பு நிலைக்கு ஏறியிருக்கிறது. தேர்வோ எட்டாம் வகுப்புப் பாடத்தை மட்டும் கேட்கிறது. அந்தப் பிள்ளை ஏறிய படிகளைக் காணத் தேர்வுத்தாளுக்குக் கண் இல்லை. கருவிகளை வாங்கத் துடிக்கும் நிர்வாகிகள் முதலில் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

கருவியை வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடியாது என்பதற்குக் குஜராத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. 2000-ம் ஆண்டு வாக்கில் வதோதரா மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அரசு நான்கு நான்கு கணினிகள் வழங்கியது. பெரும்பாலானவை பயன்பாட்டுக்கே வரவில்லை. 'பிரதம்' அமைப்பு அவற்றை இயக்கி, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகள் தந்தது. இரண்டாம் ஆண்டில் முன்னேற்றம் 0.47 திட்ட விலக்கம். திட்டம் நின்று ஓராண்டு ஆனதும் அதில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. அதே மாநிலத்தில் 'ஞான்சாலா' பள்ளிகளில் லீ லிண்டன் நடத்திய ஆய்வில், வகுப்பு நேரத்தை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தபோது பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகக் கற்றார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே, வகுப்போடு கூடுதலாகக் கொடுத்தபோது பலன் கிடைத்தது. நல்ல ஆசிரியரின் நேரத்தை வெட்டி ஹைடெக் லேபுக்குக் கொடுப்பது லாபமாகிவிடாது.

கருவி தரும் மதிப்பெண்ணை நம்பி ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வதில் இன்னும் ஆழமான ஆபத்து இருக்கிறது. 1973-ல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர், பென்னி என்ற பன்னிரண்டு வயது அமெரிக்கச் சிறுவனைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் பயிற்சித் தாள்களை முடித்து, தேர்வில் தேறி, அடுத்த தாளுக்குப் போகும் முறை அவன் பள்ளியில் இருந்தது. பென்னி நன்றாகப் படிக்கும் பிள்ளை என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டிருந்தார். எர்ல்வாங்கர் அவனோடு உட்கார்ந்து பேசிப் பார்த்தார். 2/10-ஐத் தசமமாக எழுதச் சொன்னால் 1.2 என்றான், இரண்டும் பத்தும் பன்னிரண்டு, நடுவில் ஒரு புள்ளி. 2/1-ஐயும் 1/2-ஐயும் கூட்டினால் 1 என்றான். விடைக்குறிப்பில் என்ன இருக்கிறதோ அதை எப்படியாவது ஊகித்துப் பிடிப்பதுதான் கணக்கு என்று அவன் தீர்மானித்திருந்தான். தாள் தாளாகத் தேறிக்கொண்டே போன பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்பது, ஒருவர் எதிரே உட்கார்ந்து 'எப்படிப் போட்டாய்?' என்று கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் இன்றைய செயலிகளிலும் பென்னிகள் இருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒன்று சரியாகிவிடுமே.

தமிழில் இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் பின்னத்தைச் சொல்லும்போது மேலே இருக்கும் எண் முதலில் வரும். தமிழில் 'மூன்றில் இரண்டு' என்கிறோம். கீழே இருக்கும் எண் முதலில் வருகிறது. காதில் விழுந்த வரிசையிலேயே எழுதும் பிள்ளை 3/2 என்று எழுதலாம். கழித்தலில் இதற்கு நேர்மாறு. '15-லிருந்து 7-ஐக் கழி' என்பது தமிழில் எழுதும் வரிசையிலேயே அமைகிறது. ஆங்கிலத்தில் 7 முன்னால் வந்து குழப்பும். ஆக, ஆங்கிலப் பிள்ளை தடுக்கும் இடம் வேறு, தமிழ்ப் பிள்ளை தடுக்கும் இடம் வேறு. கேள்விகளை மட்டும் மொழிபெயர்த்துத் தரும் செயலியால் நம் பிள்ளைகளின் தவறுகளைச் சரியாக இனங்காண முடியாது. அரை, கால், முக்கால் என்று நம் வீடுகளில் புழங்கும் சொற்கள் வேறு இருக்கின்றன. கடைக்குப் போய் முக்கால் கிலோ கத்தரிக்காய் வாங்கிவரும் சிறுமி, பலகையில் 3/4-ஐப் பார்த்ததும் மிரள்கிறாள். இந்த இரண்டையும் இணைத்துக் கேட்கும் கேள்வியைத் தமிழ் வகுப்பறையில் கற்பித்த ஒருவரால்தான் எழுத முடியும்.

பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் அட்டைகளை எடுத்து, ஏணிப்படியில் தங்கள் இடத்தைத் தாங்களே பார்த்து ஏறினார்கள். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பித்தார்கள். கரோனா முடக்கத்தால் தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பிள்ளைகள் கணக்கில் சுமார் 0.7 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்ததாக 2021 டிசம்பரில் ஓர் ஆய்வு அளந்தது. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், தெருவில் உள்ள ஓர் அக்கா சில பிள்ளைகளோடு உட்கார்ந்ததன் பலன் அது.

ஆகவே கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும் என்றே சொல்கிறேன். அந்த அக்காவின் கையிலும் ஏழாம் வகுப்பு ஆசிரியரின் கையிலும் அது என்ன தருகிறது என்பதுதான் என் கேள்வி. இன்று பள்ளியில் சேரும் விவரங்கள் எல்லாம் மேல்நோக்கியே போகின்றன: ஆசிரியர் பதிவேற்றுகிறார், வட்டாரம் பார்க்கிறது, மாவட்டம் பார்க்கிறது, தலைமையகத்தில் வரைபடமாகிறது. கணக்குக் கருவியின் விவரம் அன்றைக்கே வகுப்பறைக்குத் திரும்பி வர வேண்டும். 'இந்த ஆறு பேருக்குக் கடன் வாங்குதல் புரியவில்லை. இந்த நான்கு பேர் தசமத்தை முழு எண்ணாக நினைக்கிறார்கள்' என்று ஒரே ஒரு தாள் போதும். அதைப் பார்த்து வேலை செய்ய வாரத்தில் இரண்டு பாடவேளையாவது, 'போர்ஷன் முடிக்கவில்லையா?' என்ற கேள்வி எழாதபடி, ஆசிரியருக்கு எழுத்துபூர்வமாக ஒதுக்கப்பட வேண்டும். பருவத் தேர்வில் ஒரு பகுதி, பிள்ளை எங்கிருந்து எங்கே வந்தது என்பதற்கு மதிப்பெண் தர வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு கணினிகளுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

அந்த மாணவியிடம் திரும்புகிறேன். அவளுடைய ஆசிரியரிடம் நோட்டைக் காட்டி, மூன்று விடைகளிலும் இருந்த ஒழுங்கைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மதிய இடைவேளையில் துடைப்பக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டி எடுத்துவந்தார். ஐந்து கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. "இதுல இருந்து இருபத்தேழு எனக்குக் குடும்மா" என்றார். இரண்டு கட்டுகளைக் கொடுத்துவிட்டு, உதிரிக் குச்சிகளைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தாள். பிறகு, "ஒரு கட்டை அவுக்கலாமா மிஸ்?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் பருவத் தேர்வு. வினாத்தாளில் அந்தக் கேள்விக்கு மதிப்பெண் இல்லை.