நாறும் பூவுக்கு ஏன் இவ்வளவு கூட்டம்? கொல்லையில் பூக்கும் ‘அதிசய’த்தின் பின்னணி

மல்லிகைக்குப் பெயர்போன நிலக்கோட்டை இருக்கும் மாவட்டம் திண்டுக்கல். இங்கே பூ என்றாலே வாசம்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பூ பிண வாடை அடித்தால்? ‘எங்கேயோ எலி செத்துக் கிடக்கு’ என்று தேடுவார்கள். பூதான் என்று தெரிந்ததும் செல்போனை எடுப்பார்கள். மழை தொடங்கும் காலத்தில், ‘வீட்டுக் கொல்லையில் அதிசயப் பூ’ என்று தமிழகத்தின் ஏதாவது ஓர் ஊரிலிருந்து படம் வந்துவிடும்.

அது என்ன பூ?

பெரும்பாலும் நம்ம சேனைக்கிழங்குதான். கருஞ்சிவப்பு மடலும், நடுவில் சுருக்கம் விழுந்த குமிழும்தான் அடையாளம். இலை வருவதற்கு முன்பே தரையைப் பிளந்துகொண்டு வரும்.

தினமும் சமைக்கும் கிழங்கு எப்படி அதிசயம் ஆனது?

செடி அரிதல்ல, பூக்க விடுவதுதான் அரிது. நட்ட 8, 9 மாதங்களில் தோண்டிவிடுகிறோம். தோண்டாமல் விட்ட கிழங்கு சில ஆண்டுகள் மண்ணிலேயே பெருத்தால், சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்துப் பூக்கும்.

ஏன் இந்த நாற்றம்?

அழுகிய பொருளைத் தேடி வரும் வண்டுகளை ஏமாற்றத்தான். அழுகும் இறைச்சியில் வருவது போன்ற கந்தகச் சேர்மங்களைப் பூ வெளியிடுகிறது. கூடவே சூடாகி வாடையைப் பரப்புகிறது. பெண் பூக்கள் முதலில் தயாராகும். மகரந்தம் அதன் பிறகுதான் உதிரும். ஆகவே வேறொரு செடியின் மகரந்தத்தோடு வண்டு வந்தாக வேண்டும். கடுமையான நாற்றம் ஓரிரு நாள்தான்.

உலகம் முழுக்க இதே மோகமா?

ஆமாம். இதன் உறவுக்காரச் செடி சுமத்ரா தீவின் ‘டைட்டன் ஆரம்’. சுமார் 3 மீட்டர் வரை வளரும் இதைப் ‘பிண மலர்’ என்பார்கள். 2025 ஜனவரியில் சிட்னி தாவரவியல் பூங்காவில் ‘புட்ரிசியா’ என்று செல்லப்பெயர் சூட்டப்பட்ட செடி பூத்தபோது, ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அந்தப் பூங்காவில் 15 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. நேரலையில் பார்த்தவர்கள் இன்னும் அதிகம். சில நாளில் முடிந்துவிடும், வாடையை வீடியோவில் அனுப்ப முடியாது. நேரில் போனால்தான் உண்டு என்பதே பெரிய ஈர்ப்பு.

அப்போ உண்மையில் அரிதானது எது?

டைட்டன் ஆரம் 2018இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. காடு அழிப்பு முக்கியக் காரணம். நம் வறண்ட சமவெளியிலும் கவனிக்க ஒரு செடி இருக்கிறது: எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த கள்ளிமுளையான். இதன் இனத்தில் பல செடிகள் துர்நாற்றத்தால் ஈக்களை அழைப்பவை. பசி அடக்கும் என்று கிராமங்களில் மென்று தின்ற தண்டு, இன்று எடைக்குறைப்பு மாத்திரைகளுக்கு மூலப்பொருள். அதற்காகக் காட்டிலிருந்தும் பிடுங்குகிறார்கள். அது வளரும் புதர்க்காடும் கல்லாங்குத்தும் ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்றே பார்க்கப்படுகின்றன. தண்டில் சின்னப் பூ, அதற்குக் கூட்டம் கூடாது.

வீட்டில் சேனை பூத்தால்?

வெட்டி எறிய வேண்டாம். கெட்ட சகுனமும் இல்லை, தெய்வ அற்புதமும் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுங்கள். அடுத்த முறை ஊர் எல்லையில் ‘வெறும்’ கல்லாங்குத்தைக் கடக்கும்போது, கொஞ்சம் குனிந்தும் பாருங்கள்.