இடுப்பில் குடம், முதுகில் வலி

சுற்றிலும் கடல். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. ஆனாலும் கோடை வந்துவிட்டால் அந்தமானின் தலைநகரில் தண்ணீருக்குத் திண்டாட்டம்தான். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு முக்கிய நீர் ஆதாரம் தனிகாரி அணை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. அணையில் நீர் இறங்கினால் குழாயில் தண்ணீர் நாள் இடைவெளி விட்டுத்தான் வரும். வரும் நேரத்துக்குள் குடம், வாளி, டிரம் எல்லாவற்றையும் நிரப்பியாக வேண்டும். ஊரோ மேடும் பள்ளமும். வீடு மேட்டில் இருந்தால் குடத்தோடு படியேற வேண்டும். அந்த அவசரத்தில்தான் இடுப்பு 'பிடித்துக்கொள்கிறது'.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 லிட்டர் கேன் 20 கிலோ. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கும் சுமை 23 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது. சாதகம் என்றால், சுமை உடலை ஒட்டி இருக்க வேண்டும். தரையிலிருந்து தூக்கக் கூடாது. இடுப்பைத் திருகக் கூடாது. அடுத்தடுத்துத் தூக்கக் கூடாது. குழாயடியில் இந்த நான்குமே தலைகீழ்! அப்போது 20 கிலோவே அதிகம்.

காரணம் எளிது. முதுகெலும்பு ஒரு நெம்புகோல். சுமை உடலைவிட்டு விலக விலக, அதைச் சமன் செய்ய முதுகுத் தசைகள் பல மடங்கு விசையோடு இழுக்க வேண்டும். எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் வட்டுகள் அதற்கேற்ப நசுங்கும்.

என்ன செய்யலாம்?

*குழாய்க்கடியில் முழங்கால் உயரத் திட்டு ஒன்று போடுங்கள். தரையிலிருந்து தூக்கும் வேலை மிச்சம்.

*ஒரு பக்க இடுப்பில் நிறை குடம் வேண்டாம். இரு கைகளிலும் அரை வாளி போதும். நடை கூடும், வலி குறையும்.

*முழங்காலை மடக்கி, குடத்தை வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் காலை எடுத்துவைத்துத் திரும்புங்கள்.

*தண்ணீர் பிடிப்பது வீட்டில் ஒருத்தியின் வேலை மட்டுமல்ல. குடம் பத்து, முதுகு ஒன்று என்றால் கணக்கு இடிக்கும்.

வலி வந்துவிட்டால்? வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பது பழைய வைத்தியம். ஓரிரு நாளில் எழுந்து, முடிந்த வேலைகளைச் செய்வதே நல்லது. நாள்பட்ட வலிக்கு இடுப்பு பெல்ட் வேண்டாம், உடற்பயிற்சியே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2024இல் 'லான்செட்' இதழில் வெளியானது. வலி தீர்ந்தபின் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாட்கள் ஆயின. மற்றவர்களுக்கு 112 நாட்களே. நடப்பதற்குக் காசு வேண்டாம்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. காலில் பலம் குறைதல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் போக முடியாமை அல்லது அடக்க முடியாமை, வலியோடு காய்ச்சல், விழுந்தபின் கடும் வலி - இவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். சென்னைவாசிக்கு அது ஓர் ஆட்டோ தூரம். கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் இருப்பவருக்கோ, தீவுகளின் பெரிய ஆஸ்பத்திரியான ஜி.பி. பந்த் 500 கி.மீ.க்கும் அப்பால், கடல் தாண்டி இருக்கிறது. முதுகில் கடும் வலியோடு கடல் பயணம் சுலபமில்லை.

அதனால் தீவில் இருந்தாலும் சரி, டெல்லியிலோ மும்பையிலோ லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றாலும் சரி, அடுத்த முறை குழாயடிக்குப் போகும்போது ஒரு வாளி கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் பாதி மட்டும் நிரப்புங்கள்.